கைத்துப்பாக்கிக்குள் ஒரு தாழ்ப்பாள்

எங்கள் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரிக்காரர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க வேண்டியதில்லை. வெளியூர் அன்பர்களுக்காகச் சொல்கிறேன்: பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்து, பென்ஷன் வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களை நாங்கள் அப்படித்தான் அழைப்போம். பெரியப்பா இந்தோசீனாவில் இருந்தவர். சண்டைக் கதைகள் அவரிடம் அதிகம் கிடையாது. ஆயுதக் கிடங்கில் துப்பாக்கிகளைப் பிரித்துத் துடைத்து எண்ணெய் போட்டு மறுபடி பூட்டுவதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. திண்ணையில் உட்கார்ந்து சைக்கிள் ஃப்ரீவீலைப் பிரித்துப் போட்டுக்கொண்டே ஒருநாள் என்னிடம் சொன்னார்:

"டேய் தம்பி, கதவுக்குத் தாழ்ப்பாள் போடறது பெரிய விஷயமே இல்லடா. வேணுங்கிற நேரம் வரைக்கும் அது இறுக்கமா இருக்கணும், அப்புறம் யாரும் தொடாமயே அதுவா தொறந்துக்கணும். அதுலதான் இருக்கு வேலை."

அவர் சொன்னது தானியங்கிக் கைத்துப்பாக்கியைப் பற்றி. எனக்கு அப்போது பன்னிரண்டு, பதின்மூன்று வயது இருக்கும். ஒன்றும் புரியவில்லை. ஓய்வு பெற்ற பிறகு, பள்ளியில் படித்த பிரெஞ்சு துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று பழைய பிரெஞ்சு ராணுவக் கையேடுகளையும் சரித்திரக் கட்டுரைகளையும் வாசிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் பெரியப்பாவின் தாழ்ப்பாள் விளங்கியது. அந்தத் தாழ்ப்பாளை எப்படி எளிமையாக்குவது என்று பல நாட்டுக்காரர்கள் முக்கால் நூற்றாண்டு மண்டையை உடைத்துக்கொண்டார்கள். அதில் பிரான்சுக்கு ஒரு விசித்திரமான பங்கு உண்டு. இன்றைக்கு அந்தக் கதை.

முதலில் தாழ்ப்பாள் எதற்கு என்று பார்ப்போம். உங்கள் வீட்டு பிரஷர் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே நீராவி இருக்கும்போது மூடியைத் திறந்தால் என்ன ஆகும்? துப்பாக்கியிலும் அதே கதைதான். தோட்டா வெடித்ததும் குழலுக்குள் பயங்கர அழுத்தம் உண்டாகிறது. குண்டு குழலை விட்டு வெளியேற ஏறத்தாழ ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு நேரந்தான் ஆகும். அதுவரை குழலின் பின்வாசல் திறக்கக் கூடாது. திறந்தால் பித்தளைக் கூடு கிழிந்து சூடான வாயு சுடுபவர் கையிலும் முகத்திலும் பாயும்.

பழைய சுழல் துப்பாக்கியில் இந்தத் தொல்லை இல்லை. தானியங்கியில் உண்டு. ஏனென்றால் அதே வெடிப்பின் உதைப்பைக் கொண்டுதான் அது பின்வாசலைத் திறந்து, காலிக் கூட்டை வெளியே எறிந்து, அடுத்த தோட்டாவை உள்ளே தள்ள வேண்டும். மேலே முன்னும் பின்னும் ஓடும் பாகத்துக்கு ஸ்லைடு என்று பெயர்.

தோட்டா சின்னதாக இருந்தால் தாழ்ப்பாளே தேவையில்லை. ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கின் பலமும் போதும். அது மெல்ல நகர ஆரம்பிப்பதற்குள் குண்டு போய்விடும். முதல் உலகப் போரில் பிரெஞ்சுக்காரர்கள் ஸ்பெயினிலிருந்து மூட்டை மூட்டையாக வாங்கிய ரூபி கைத்துப்பாக்கிகள் இந்த ரகம். பெரிய தோட்டாவுக்கும் இதே வழியில் போனவர்கள் உண்டு. ஸ்பெயின் 1921இல் எடுத்துக்கொண்ட ஆஸ்ட்ரா 400 அப்படிப்பட்டது. தாழ்ப்பாள் கிடையாது, கனமான ஸ்லைடு, முரட்டு ஸ்பிரிங். அதைக் கையால் பின்னுக்கு இழுக்கவே தனிப் பலம் வேண்டும்.

ஆக, பலமான தோட்டாவும் வேண்டும், பழகுவதற்கு எளிதாகவும் இருக்க வேண்டும் என்றால் தாழ்ப்பாள் கட்டாயம். அதை ஒழுங்காகச் செய்துகாட்டியவர் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்து ஜான் மோசஸ் பிரௌனிங். துப்பாக்கி செய்பவரின் மகன்.

அவருடைய யோசனை இது. குழலின் முதுகில் வயல் வரப்பு மாதிரி இரண்டு மூன்று மேடுகள். ஸ்லைடின் உட்புறக் கூரையில் அவற்றுக்குப் பொருந்தும் பள்ளங்கள். வரப்பு பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும்வரை குழலும் ஸ்லைடும் ஒரே பொருள். வெடித்ததும் இரண்டும் சேர்ந்தே சில மில்லிமீட்டர் பின்னால் வரும். அதற்குள் குண்டு வெளியேறிவிடும். பிறகு குழல் கீழே இறங்கும். வரப்பு பள்ளத்தை விட்டு விலகும். ஸ்லைடு மட்டும் தொடர்ந்து பின்னால் ஓடும். தாழ்ப்பாள் தானாகத் திறந்துவிட்டது!

குழலைக் கீழே இறக்குவது எப்படி? இங்கேதான் எளிமையாக்கும் கதை தொடங்குகிறது.

பிரௌனிங் 1897இல் காப்புரிமை பெற்று, கோல்ட் நிறுவனம் 1900இல் விற்ற துப்பாக்கியில் குழலின் அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு கண்ணிகள் இருந்தன. ஊஞ்சல் இரண்டு சங்கிலியில் தொங்கி ஆடுவதுபோல, குழல் சாயாமல் மட்டமாகவே இறங்கும். பார்க்க அழகு. ஆனால் இரண்டு கண்ணி, அவற்றுக்கு ஊசிகள், முன்பக்கம் சட்டத்தில் அதற்கு இடம் என்று வேலை கூடியது. ஸ்லைடு பின்பக்கமாகக் கழன்று வரும்படி அமைந்திருந்தது இன்னொரு குறை. அதைத் தடுத்து நிறுத்த முன்னால் ஒரு சிறிய குறுக்குக் கட்டை மட்டுமே. அது இல்லாமல் போனாலோ உடைந்தாலோ ஸ்லைடு சுடுபவர் முகத்தை நோக்கி வரக்கூடும்.

அடுத்த பத்தாண்டுகளில் பிரௌனிங் முன்கண்ணியை எடுத்துவிட்டார். குழலின் முன்முனையை ஒரு வளையத்தில் தாங்க வைத்து, பின்முனையில் மட்டும் ஒரு கண்ணி. இப்போது குழல் மட்டமாக இறங்காது. பின்பக்கம் மட்டும் சற்றுச் சாயும். அது போதும் என்று கண்டுகொண்டார். ஸ்லைடும் முன்பக்கமாகக் கழலும்படி மாறியது. முகத்துக்கு வந்த ஆபத்து போயிற்று. 1911 மார்ச்சில் அமெரிக்க ராணுவம் நடத்திய சோதனையில் இந்தத் துப்பாக்கி 6000 தோட்டாக்களைச் சுட்டது, ஒருமுறைகூடச் சிக்கிக்கொள்ளவில்லை. அதே மாதம் 29ஆம் தேதி ராணுவம் அதை ஏற்றுக்கொண்டது. உலகம் 1911 என்ற எண்ணாலேயே அழைக்கும் கோல்ட் அதுதான்.

ஒரு கண்ணியை எடுத்ததும் பாகம் குறைந்தது, ஆபத்தும் குறைந்தது. எளிமை என்றால் இப்படி இருக்க வேண்டும். நான் குமாஸ்தாவாக இருந்த காலத்தில் பதினோரு பத்தி உள்ள ஒரு படிவத்தைச் சுருக்கச் சொன்னார்கள். எந்தப் பத்தியையும் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்த பத்தி எந்தக் கேள்விக்குப் பதிலாக இருந்தது என்று தெரிந்துகொண்டு எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று மாதத்தில் அதே கேள்வி தனிக் கடிதமாகத் திரும்பி வரும். பிரௌனிங்குக்கு எதை எடுக்கலாம் என்று தெரிந்திருந்தது.

இனி பிரான்சின் பங்கு. முதல் போர் முடிந்தபோது பிரெஞ்சு ராணுவத்தின் கையில் 1892ஆம் ஆண்டு மாதிரி ரிவால்வரும், பல பட்டறைகளில் செய்த ஸ்பானிய ரூபிகளும் இருந்தன. ஒரு பட்டறையின் தோட்டாப் பெட்டி இன்னொரு பட்டறையின் துப்பாக்கியில் நுழையாது. புதிதாக ஒன்று வேண்டும் என்று 1921இல் நிபந்தனைகள் வகுத்தார்கள். குறைந்தது பத்துத் தோட்டா கொள்ள வேண்டும். 50 மீட்டரில் ஆளை வீழ்த்த வேண்டும். எளிதில் பிரித்துப் பூட்ட வர வேண்டும். இப்படி ஒரு பட்டியல்.

பெல்ஜியத்தில் லியேஜ் நகரருகே எர்ஸ்தாலில் உள்ள எஃப்.என். தொழிற்சாலை இதைக் கவனித்து பிரௌனிங்கிடம் சொன்னது. ஒரு சங்கடம்: தன் 1911 துப்பாக்கியின் உரிமைகளை அவர் ஏற்கெனவே கோல்ட் நிறுவனத்துக்கு விற்றிருந்தார். தன் சொந்த யோசனைகளையே தவிர்த்துக்கொண்டு புதிதாக யோசிக்க வேண்டிய நிலை. 1923இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த புதிய அமைப்பில் இருந்த கடைசிக் கண்ணியும் போய்விட்டது. குழலின் அடியிலேயே ஒரு சரிவான வெட்டு. சட்டத்தில் குறுக்கே ஒரு கட்டை. குழல் பின்னால் வரும்போது அந்தச் சரிவு கட்டையில் வழுக்கிக் குழலைக் கீழே இழுக்கும். ஆடும் பாகம் இல்லை. அதைக் கோர்க்கும் ஊசி இல்லை. தேய்வதற்கும் உடைவதற்கும் ஒன்று குறைந்தது.

1926 நவம்பர் 26 அன்று, எர்ஸ்தால் தொழிற்சாலையிலேயே பிரௌனிங் காலமானார். வேலையைத் தொடர்ந்தவர் பெல்ஜியர் தியூதோனே சேவ். இரண்டு வரிசையாகத் தோட்டா அடுக்கும் பெட்டியைச் செய்தவரும் அவரே. 1928இல் கோல்ட்டின் காப்புரிமைகள் காலாவதியானதும், பழைய 1911இன் நல்ல அம்சங்களையும் தயக்கமின்றிச் சேர்த்துக்கொண்டார். 13 தோட்டா கொண்ட அந்தத் துப்பாக்கிக்கு கிராந்த் புய்சான்ஸ் என்று பெயர். பெரும் ஆற்றல் என்று பொருள். 1935இல் பெல்ஜியம் அதை ஏற்றது. போரில் ஜெர்மானியர் எர்ஸ்தாலைப் பிடித்துத் தங்களுக்குச் செய்துகொண்டார்கள். எதிர்த்தரப்புக்காக கனடாவில் இங்லிஸ் நிறுவனம் செய்தது. ஒரே துப்பாக்கி இரண்டு பக்கமும்! பிற்பாடு நம் நாட்டிலும் வங்காளத்து இஷாப்பூர் தொழிற்சாலையில் அது தயாரானது. ராணுவத்திலும் காவல் துறையிலும் இருந்த நம்மவர் பலர் இடுப்பில் கட்டியிருந்தது அதன் இந்தியப் பிறப்புத்தான்.

யாருக்காக இத்தனையும் தொடங்கியதோ அந்தப் பிரான்சு மட்டும் அதை வாங்கவில்லை.

சோதனை, அறிக்கை, திருத்தம், மறுசோதனை என்று கோப்பு பதினான்கு வருடம் சுற்றியது. கோப்பு சுற்றுவதைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கடைசியில் 1935இல் தேர்வானது எஸ்.ஏ.சி.எம். என்ற அல்சாஸ் இயந்திர நிறுவனத்தின் துப்பாக்கி. வடிவமைத்தவர் ஷார்ல் பெத்தேர். சுவிட்சர்லாந்தில் பிறந்து, பிரெஞ்சு அந்நியப் படையில் பணியாற்றியவர். பெயர் மொதேல் 1935ஆ. தாழ்ப்பாள் பிரௌனிங் வழி வரப்புதான். விசையும் சுத்தியலும் சேர்ந்த பகுதியை ஒரே கட்டாகக் கையில் எடுத்துவிடலாம். அது பெத்தேரின் பெருமை. வளைந்த பிடி, நல்ல மெருகு. பெரியப்பா அதைச் சொல்லும்போது கையை வளைத்துக் காட்டுவார்.

ஆனால் தோட்டா? 7.65 லோங் என்ற மெலிந்த தோட்டா. முதல் போரின் முடிவில் அமெரிக்கர்கள் பெடர்சன் என்பவரின் கருவிக்காகச் செய்த தோட்டாவைப் பார்த்துப் பிரெஞ்சுக்காரர்கள் பின்பற்றியது. பிரான்சைத் தவிர வேறு யாரும் அதைச் சீந்தவில்லை. அண்டை நாடுகள் 9 மில்லிமீட்டருக்குப் போய்க்கொண்டிருந்தன.

அதோடு, அழகான 1935ஆவைச் செய்ய நேரமும் தேர்ந்த கைகளும் வேண்டும். ஆகவே அரசின் சேந்த்-எத்தியேன் தொழிற்சாலை எளிமையான ஒரு தம்பியைச் செய்தது: 1935எஸ். பிடி நேராக, பார்க்கக் கொஞ்சம் முரடாக இருக்கும். தாழ்ப்பாளில்தான் முக்கிய மாற்றம். பல வரப்புகளுக்குப் பதிலாகக் குழலின் மேல் ஒரே ஒரு தோள்.

இது ஏன் பெரிய விஷயம்? இரண்டு மூன்று வரப்பு இருந்தால் அத்தனையும் ஒரே சமயத்தில் பள்ளத்தின் சுவரைத் தொட வேண்டும். ஒன்று மயிரிழை முந்தினால் பாரம் முழுவதும் அதன் தலையில். மற்றவை சும்மா நிற்கும். அந்த நுணுக்கத்துக்குத் திறமையான தொழிலாளி வேண்டும். ஸ்லைடின் உள்ளே, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் பள்ளம் வெட்டுவதும் தொல்லை. ஒரே தோள் என்றால் ஒரே இடத்தில் அளவு பார்த்தால் போதும். ஆனால் அந்த ஒன்றே முழுப் பாரத்தையும் தாங்கியாக வேண்டும். ஆகவே கஷ்டம் மறைந்துவிடவில்லை. வெட்டும் கையிலிருந்து இரும்பின் தரத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான்.

அதே காலத்தில் ரஷ்யாவில் தோக்கரேவ் வேறு வழி கண்டார். அவருடைய 1930ஆம் ஆண்டு மாதிரியில் வரப்புகள் குழலின் முதுகில் மட்டும். அதை மில்லிங் இயந்திரத்தில் பார்த்துப் பார்த்து வெட்ட வேண்டும். 1933 மாதிரியில் வரப்பு குழலைச் சுற்றி வளையல் போல ஆயிற்று. தேவை என்னவோ மேற்பாதிதான். கீழ்ப்பாதி வேலைக்கே வராது. ஆனால் வளையலாக இருந்தால் குழலை லேத்தில் மாட்டிச் சுழற்றி ஒரே மூச்சில் கடைந்துவிடலாம். தேவைக்கு மேல் செய்வதே சுலபம் என்றால் செய்துவிட்டுப் போ என்கிற புத்தி. எளிமை என்பதற்கு இப்படியும் ஒரு பொருள் உண்டு என்பதை இங்கேதான் கற்றேன்.

பிரான்சுக்குத் திரும்புவோம். எளிமையாக்கும் யோசனை சரி, காலம் தப்பிவிட்டது. 1940 ஜூனில் பிரான்சு வீழ்ந்தபோது பெத்தேரின் துப்பாக்கிகள் பத்தாயிரத்துச் சொச்சமே வந்திருந்தன. எளிமையான தம்பி அதைவிட மிகக் குறைவு. பல பிரெஞ்சு அதிகாரிகள் அந்தப் போருக்குப் போனது பழைய ரிவால்வரோடும் ரூபியோடும்தான். 1935ஆ தொழிற்சாலையை ஜெர்மானியர் தங்களுக்காக ஓட்டினார்கள். துப்பாக்கிக்கு 625 என்று எண்ணும் கொடுத்தார்கள். கைத்துப்பாக்கி இருந்திருந்தால் பிரான்சு தோற்றிருக்காது என்று நான் சொல்ல மாட்டேன். டாங்கியும் விமானமும் தீர்த்த கணக்கு அது. ஆனால் ஒரு கைத்துப்பாக்கிக்கே பதினான்கு வருடம் எடுத்துக்கொண்ட மேசைகள் மற்றதற்கு எத்தனை வருடம் எடுத்திருக்கும்?

போருக்குப் பிறகு ஆ, எஸ் இரண்டும் இந்தோசீனாவுக்குக் கப்பல் ஏறின. பெரியப்பாவின் கையில் விழுந்தவை அவைதான். பெயர் ஒன்று, தோட்டா ஒன்று. ஆனால் ஒன்றின் குழல் மற்றதில் சேராது. இரண்டு தட்டு வைத்துத் தனித்தனியாகப் பிரித்துப் போடுவாராம். எது பிடிக்கும் என்று கேட்டதற்கு, "பாக்க ஆ அழகு. ராத்திரி விளக்கு இல்லாம பூட்டணும்னா எனக்கு எஸ் குடு" என்றார். இந்த வாக்கியத்தின் அருமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒருவழியாக 1950இல் பிரான்சு 9 மில்லிமீட்டருக்கு வந்தது. ஷாத்தெல்ரோ அரசுத் தொழிற்சாலை செய்த அந்தத் துப்பாக்கி 1935எஸ்ஸின் வழித்தோன்றல். பல பத்தாண்டுகள் படையில் இருந்தது.

பெத்தேரின் யோசனைக்கு மதிப்புக் கொடுத்தது சுவிட்சர்லாந்து. சிக் நிறுவனம் 1937இல் உரிமம் வாங்கி, கண்ணிக்குப் பதில் சரிவு வெட்டு வைத்து, பொறுமையாகச் செதுக்கி, பி 210 என்ற துப்பாக்கியைச் செய்தது. சுவிஸ் ராணுவம் 1949இல் அதை ஏற்றது. குறி தவறாமைக்குப் பெயர் போனது; விலையும் அப்படியே. கடிகாரம் செய்வதுபோல் துப்பாக்கி செய்தால் கட்டுபடியாகுமா? அவர்களும் எளிமையைத் தேடினார்கள். 1975இல் வந்த பி 220இல் வரப்பு, பள்ளம் எதுவுமே இல்லை. காலிக் கூடு வெளியேற ஸ்லைடில் எப்படியும் ஒரு ஜன்னல் இருக்கிறதல்லவா? குழலின் பின்பகுதியைச் சதுரமாகச் செய்து அந்த ஜன்னலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். ஜன்னல் சட்டமே தாழ்ப்பாள். ஸ்லைடைக்கூடத் தகட்டை வளைத்தே செய்தார்கள். ஆஸ்திரியாவின் காஸ்டன் கிளாக் 1982இல் ராணுவத்துக்குக் கொடுத்த பிளாஸ்டிக் உடல் துப்பாக்கியிலும் இதே ஜன்னல் தாழ்ப்பாள்தான். இன்று உலகில் செய்யப்படும் பெரிய கைத்துப்பாக்கிகளில் மிகப் பலவும் இப்படித்தான் பூட்டிக்கொள்கின்றன.

இரண்டு கண்ணி ஒன்றாகி, ஒன்று இல்லாமல் போனது. பல வரப்பு ஒரு தோளாகி, அந்தத் தோளும் ஏற்கெனவே இருந்த ஜன்னலில் ஒதுங்கிக்கொண்டது. ஒவ்வொரு படியிலும் யாரோ ஒருவர் "இது இல்லாமல் முடியாதா?" என்று கேட்டிருக்கிறார்.

துப்பாக்கி என்பது உயிரை எடுக்கும் பொருள். அதைப் புகழ்ந்து எழுத எனக்கு ஆசையில்லை. இந்தோசீனாவிலிருந்து திரும்பாத சொல்தாக்களின் வீடுகள் எங்கள் தெருவிலேயே இருந்தன. அந்த வீடுகளின் முன்னால் போகும்போது பெரியப்பா சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார். ஆனாலும் ஒரு பொருளுக்குள் மனித புத்தி எப்படி நடந்தது என்பதைப் பார்ப்பதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

2020இல் பிரெஞ்சு ராணுவம் தன் பழைய 1950 துப்பாக்கிக்கு மாற்றாக கிளாக் 17ஐத் தேர்ந்தெடுத்த செய்தியைப் படித்தேன். ஆஸ்திரியச் சரக்கு, ஒரே தோள் கொண்ட குழல். எண்பது வருடத்துக்கு முன் சேந்த்-எத்தியேனில் எளிமை கருதி எடுத்த பாதை, ஊரெல்லாம் சுற்றிவிட்டு, விலை கொடுத்து வாங்கும் பொருளாக வீட்டுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

பெரியப்பா இருந்திருந்தால் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு, "அதான் அன்னிக்கே சொன்னேனே, எனக்கு எஸ் குடுன்னு" என்றிருப்பார்.